கல்லோடு போன மாணவர்கள்

மற்றவர்களுக்குப் பொறாமை வந்தால் நெஞ்சு எரியும். ஜெயந்தனுக்கு மூளை வேலை செய்யும். அன்று காலை தனுஷா குளிக்கப் போன நேரம் பார்த்து, கொடியில் கிடந்த அவளுடைய நேற்றைய சேலையின் கரையிலிருந்து ஒரு முள்ளை நகத்தால் கிள்ளியெடுத்தான். அதைத் தீப்பெட்டிக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்கே கிளம்பினான். கட்டிய பெண்சாதியை வேவு பார்ப்பது கேவலம் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தென்ன, கை கேட்கவில்லை.

அது இராவணன் மீசை முள். கடற்கரை மணலில் மட்டும் முளைக்கிற புல். தனுஷா பின்னேரங்களில் போவதாகச் சொன்னதோ இங்கிலீஷ் வகுப்புக்கு. இங்கிலீஷ் வகுப்பு என்றால் டவுணில் வினாயகமூர்த்தி நடத்தும் ரியூட்டரி என்ற தனியார் கல்வி நிலையம்தான். அங்கே மணலும் இல்லை, மீசைப் புல்லும் இல்லை. மீசை வைத்த ஒரே ஆள் பிரடெரிக் மாஸ்டர். மதில்களில் எல்லாம் ‘ஆங்கிலச் சிங்கம்’ என்று அச்சடித்த சுவரொட்டிக்குள் நின்று பல்லைக் காட்டுகிறவர். அவர் பேரைச் சொல்லும்போது தனுஷாவின் குரல் ஒரு படி ஏறும். “பிரடெரிக் மாஸ்டர் இண்டைக்கு நல்லாச் செய்தார்” என்று போன கிழமை ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். அந்தச் சோறு ஜெயந்தனுக்கு இறங்கவில்லை.

சுனாமி அலை வந்து ஒரு வருஷம் தாண்டிய காலம் அது. மட்டக்களப்பில் வெளிநாட்டு நிவாரண நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு அலுவலகம் திறந்திருந்தன. அங்கே வேலை எடுப்பதென்றால் பரீட்சையில் இங்கிலீஷ் வசனங்களை நிரப்ப வேண்டும். வினைச்சொல்லை எந்த ரென்ஸில், அதாவது எந்தக் காலத்தில் போடுவது என்று தெரிய வேண்டும். நேற்று நடந்து முடிந்ததற்கு ஒரு வினை, நேற்று நடந்து இன்றும் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு வேறொரு வினை என்று வெள்ளைக்காரன் வகைவகையாக வைத்திருந்தான். மீன்பிடித்தவனும் வயல் செய்தவனும் வள்ளத்தையும் வட்டையையும் விட்டுவிட்டு அந்த வகைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயந்தன் தன் துப்பறியும் அலுவலகத்தின் கதவைத் திறந்தபோது உள்ளே வினாயகமூர்த்தியே உட்கார்ந்திருந்தார்.

“என்ட பெஞ்செல்லாம் வெறுமையாக் கிடக்கு, தம்பி,” என்றார் ரியூட்டரி முதலாளி. “பிள்ளைகள் வேற ஆரிட்டயோ ரென்ஸ் படிக்கப் போகுதுகள். அங்க போற பிள்ளைகள்தான் பாஸாகுதுகள். ஆரிட்ட எண்டு கேட்டா வாய் திறக்குதுகள் இல்ல. ஆள் ஆரெண்டு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்க, மறுகா நான் பாத்துக்கிறன்.”

“ஏன் சேர், பிரடெரிக் மாஸ்டர் உங்களிட்டத்தானே இரிக்கார்?”

“காலையில இரிக்கார். பின்னேரத்தில ஆளைக் காணக்கிடைக்கிறல்ல.”

ஜெயந்தன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான். “உங்கட வகுப்பில தனுஷா எண்டு ஒரு பொம்பிள...?”

“அப்படி ஒரு ஆள் இல்லையே, தம்பி.”

யன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஜெயந்தன் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூலையில் தட்டச்சு யந்திரத்தின் முன்னால் இருந்த ஹெதர் அன்ரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டச்பார் பகுதிப் பறங்கியப் பெண்மணி, போர்த்துக்கீசர் வழிவந்தவள். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவள். ஊர்க்கதை முழுவதும் ஒரு காலத்தில் அவளுடைய காது வழியாகப் போனதுதான். ஜெயந்தனுக்கு இங்கிலீஷ் வராது, அவளுக்கு வாயை மூடத் தெரியாது. இந்த இரண்டு குறையும் சேர்ந்துதான் அந்த அலுவலகம் ஓடிக்கொண்டிருந்தது.

“கேஸை எடுப்பமா, மகன்?” என்றாள், முதலாளி படியிறங்கியதும்.

“எடுத்தாச்சு, அன்ரி. ஆளையும் பிடிச்சாச்சு. அந்தக் களவு மாஸ்டர் பிரடெரிக்தான்.”

“துப்பறிய முந்தியே தீர்ப்பா? அப்ப என்னத்துக்கு எனக்குச் சம்பளம்?”

அவன் படியிறங்கினான். மோட்டார் சைக்கிளை உதைத்தான். அவள் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

விசாரித்து அலைந்து பின்னேரம் ஆனபோது, பரீட்சை நடந்த ஒரு நிவாரண நிறுவனத்தின் வாசலில், ஒரு பெரிய வாகை மரத்தின் நிழலில், டிலக்சன் என்ற இளைஞன் நின்றான். வினாயகமூர்த்தியை விட்டு ஓடிய முதல் மாணவன். அன்றுதான் பாஸாகியிருந்தான். ஹெதர் அன்ரி போய் அவனோடு இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்தாள். வேலைக்கு ஆள் எடுக்க வந்தவள் போல் நடித்தாள் என்பதைவிட, நடிக்காமலே அப்படித்தான் தெரிந்தாள். ஜெயந்தன் சற்றுத் தள்ளி நின்று, விளங்காத பேச்சைக் காதால் விட்டுவிட்டுக் கண்ணால் கேட்டான்.

திரும்பி வந்த அன்ரி தலையை ஆட்டினாள். “ஒரு பிழை இல்ல. என்ட அப்பாவே இப்படிக் கதைக்கமாட்டார். அவர் வீட்டில கதைச்சதெல்லாம் பறங்கிப் பாஷை, அது வேற கதை.”

“நீங்க என்னென்ன கேட்டீங்க?”

“நேத்து என்ன செய்தாய், தினமும் என்ன செய்வாய், நாளைக்கு என்ன செய்யப் போறாய், எவ்வளவு காலமா வேலை தேடுறாய்.”

“முதல் கேள்விக்கு அவன் தோளுக்கு மேலால பின்னுக்குப் பாத்தவன். ரெண்டாவதுக்குக் காலடிய. மூண்டாவதுக்கு வலப்பக்கம் முன்னால. கவனிச்சனீங்களா?”

“கடைசிக் கேள்விக்கு மேல பாத்தவன். கடவுளக் கேக்கிறானாக்கும் எண்டு நினைச்சன்.”

“மேல பாக்கக்குள்ள கண்ணச் சுருக்கினவன், அன்ரி. நிண்டது மர நிழலில. அங்க வெயில் ஏது?”

அன்ரியின் குடை அப்படியே நின்றது. “ம்?”

“அவன் ரென்ஸ மனப்பாடம் பண்ணல்ல. படிச்ச இடத்த மனசில வைச்சுப் பாக்கிறான். அந்த இடத்தில பின்னுக்கு ஒண்டு இரிக்கு, கீழ ஒண்டு இரிக்கு, முன்னுக்கு ஒண்டு இரிக்கு. மேல கூரை இல்ல.”

“கூரை இல்லாத வகுப்பு. கல்லடிக் கடற்கரையில அலை திண்ட வீடெல்லாம் அப்படித்தானே.”

ஜெயந்தன் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் டிலக்சன் நின்ற இடத்துக்கு அருகே போனான். அவனுடைய காற்சட்டைக் கரையில் ஒரு முள். பையிலிருந்த தீப்பெட்டியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தான். ஒன்றுக்கொன்று கூடப்பிறந்தவை. அலை வந்த பிறகு கடற்கரைப் பக்கம் யாரும் உலாவப் போவதில்லை. போகிறவர்களுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். தனுஷாவுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

“அந்த நெருப்புப்பெட்டிக்குள்ள இரிக்கிற முள்ளு ஆர்ட?” என்றாள் அன்ரி.

“அது வேற கேஸ்.”

“வேற கேஸா, வீட்டுக் கேஸா?”

அவன் தீப்பெட்டியை மூடினான். அதற்குள் டிலக்சன் சைக்கிளில் ஏறிவிட்டான். சைக்கிளின் பின் கரியரில் புத்தகம் இல்லை. றப்பர் பட்டி போட்டுக் கட்டிய ஒரு சீமெந்துக் கல் இருந்தது, வீடு கட்டுகிற கல்.

“படிக்கப் போற பிள்ளை கல்லக் கட்டிக்கொண்டு போகுது,” என்றாள் அன்ரி. “நம்மட காலத்தில மாஸ்டர்மார்தான் நம்மளக் கல்லெண்டு சொல்லுவாங்க.”

அவனைப் பின்தொடர்ந்து போனால், கல்லடிப் பாலத்தில் வழக்கம்போல் தடங்கல். ஒடுங்கிய இரும்புப் பாலம், ஒரு பக்க வாகனம் முடிந்துதான் மறுபக்கம். இந்த முனையில் சோதனைச் சாவடி வேறு. போர் மறுபடி மூளும் என்று எல்லோரும் பேசிக்கொண்ட நாட்கள், ஆளுக்கொரு பார்வை, பைக்கொரு துழாவல். சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற டிலக்சனின் கல்லைச் சிப்பாய் ஒருவன் தட்டிப் பார்த்தான். பிறகு சலிப்போடு கையசைத்தான். இவன் தட்டும் முதல் கல் இது இல்லை என்பது அந்தச் சலிப்பிலேயே தெரிந்தது. பின்னால் இன்னும் இரண்டு சைக்கிள்கள் கல்லோடு நின்றன.

அப்போதுதான் அந்த மோட்டார் சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போனது. இஸ்திரி போட்ட சட்டை, மீசை, வாசனை. பிரடெரிக் மாஸ்டர். பெற்றோல் டாங்கியின் மேல், சாக்கு விரித்து, அதன்மேல் ஒரு கல்.

“பாத்தீங்களா?” ஜெயந்தன் விரலை நீட்டினான். “பின்னேரத்தில அவர் தனியா ஒரு வகுப்பு வைச்சிரிக்கார். படிப்புக்குக் கூலி கல்லு. கடற்கரையில வீடு கட்டுறார்.”

“தனிக்கட்டை மனிசனுக்கு என்னத்துக்கு வீடு?”

“அதத்தான் நானும் கேக்கிறன்.”

கேட்டுவிட்டு அவன் பல்லைக் கடித்தான். தனுஷாவைக் கூட்டிக்கொண்டு போய்க் குடிவைக்கத்தான் வீடு என்று மனம் சொன்னது. பொறாமைக்காரனின் மனம் அரை நொடியில் அத்திவாரம் வெட்டி, சுவர் எழுப்பி, பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிடும்.

உண்மையைச் சொன்னால் அவனுக்கு வீடு என்ற சொல்லே ஒரு புண். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கட்டிக் கொடுப்பாள், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியிருப்பான். ஜெயந்தனும் அப்படித்தான் தனுஷாவின் வீட்டுக்குப் போனான். அந்தத் தெருவில் அவனுக்குப் பேரே இல்லை. ‘தனுஷாட மாப்பிள்ளை’ என்றுதான் கடைக்காரன் வரை கூப்பிட்டான். அலை அந்த வீட்டைக் கொண்டுபோனது. அரசாங்கம் வாவியின் டவுண் பக்கத்தில் தந்த புதிய வீட்டின் உறுதிப் பத்திரத்தைக் குடும்பத் தலைவன் என்று அவன் பேரில் எழுதினார்கள். அவன் மறுநாளே ‘ஜெயந்தன் இல்லம்’ என்று ஒரு பலகை செய்து மாட்டினான். “நாளைக்கு மகளுக்கு நான் எந்த வீட்டைக் குடுக்கிறது?” என்று தனுஷா கேட்டாள். “நான் குடுப்பன், என்ட வீடுதானே,” என்று சிரித்தான். அவள் அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாத பெண்ணைக் கண்டு பயப்பட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாலம் கடந்து, கடலை நோக்கிப் போகும் ஒழுங்கைகளில் கல் கட்டிய சைக்கிள்கள் திரும்பின. மோட்டார் சைக்கிளை ஒரு உடைந்த மதிலோடு சாத்திவிட்டு இருவரும் நடந்தார்கள். இரண்டு பக்கமும் எது யாருடையது என்று அடையாளம் தெரியாமல் தரைமட்டமான வளவுகள், கிணறுகள், நடுவே முழங்கால் உயரத்துக்கு இராவணன் மீசை. அலைக்குப் பிறகு ஜெயந்தன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. வர மனம் இல்லை என்று சொல்லிக்கொள்வான். வரத் தேவையில்லை என்பதுதான் சரி.

கடைசி வளவில் பிரடெரிக்கின் மோட்டார் சைக்கிள் நின்றது. இடிந்த சுவரின் பின்னால் ஜெயந்தன் பதுங்கினான். முன்னால் ஒரு கதவு நிலை மட்டும் வீடில்லாமல் நின்றது. அதைப் பார்த்ததும் அவனுடைய கை தானாக நெற்றிக்குப் போனது. கல்யாணத்தன்று உள்ளே நுழைகையில் தலையை இடித்துக்கொண்டது இந்த நிலையில்தான்.

“அன்ரி,” என்றான் மெதுவாக. “இது எங்கட வீடு.”

“உங்கட?”

“தனுஷாட.”

உள்ளேயிருந்து குரல் கேட்டது. பிரடெரிக்கின் குரல் இல்லை.

“பின்னுக்குப் பாருங்க. அந்தச் சுவர் விழுந்தது. எப்ப? அண்டைக்கு. நாளும் தெரியும், நேரமும் தெரியும், கதை முடிஞ்சு போச்சு. அதுக்கு ஒரு ரென்ஸ். இப்ப மேல பாருங்க. கூரை போயிட்டு. போனது அண்டைக்குத்தான். ஆனா வெயில் இப்பவும் நம்மட தலையில விழுகுது. முடிஞ்ச காரியம், முடியாத துன்பம். அதுக்கு வேற ரென்ஸ். பரீட்சையில வசனத்தப் பாத்தா முதல் இதக் கேளுங்க. இது விழுந்த சுவரா, போன கூரையா?”

ஜெயந்தன் எட்டிப் பார்த்தான். பழைய வீட்டு மண்டபத்தின் சிவப்புச் சீமெந்துத் தரையில் பாய்கள். பாய்களில் இருபது முப்பது பேர். வலப்பக்கம் முன்னால் புதிய கற்கள் அடுக்கியிருந்தன, இரண்டு அறைக்குச் சுவரும் எழும்பியிருந்தது. நடுவே, தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, தனுஷா நின்றாள். கல்யாணத்துக்கு முன் கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவள் என்று அவனுக்குத் தெரியும். அலைக்குப் பிறகு முகாமில் வெள்ளைக்கார டாக்டர்மாருக்கு மொழிபெயர்த்தவள் என்றும் தெரியும். தெரிந்ததையெல்லாம் அவன் கூட்டிப் பார்த்ததே இல்லை.

அவள் எதிரே, முதல் வரிசையில், சம்மணம் போட்டு, மடியில் கொப்பியோடு, இஸ்திரி போட்ட சட்டை கசங்கக் கசங்க எழுதிக்கொண்டிருந்தார் ஆங்கிலச் சிங்கம்.

“அட,” என்றாள் ஹெதர் அன்ரி. “பிரடெரிக் வீட்டில இங்கிலீஷ் கதைச்சு வளந்தவன். ஏன் அப்படிக் கதைக்கிற எண்டு கேட்டா முழிப்பான். மீனுக்கு நீந்தத் தெரியும், நீச்சல் படிப்பிக்கத் தெரியுமா?”

ஜெயந்தனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவ்வளவு காலமும் ஒரு ஆள் மேல் இருந்த எரிச்சல் இப்போது முப்பது பேர் மேல் பரவியது. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறாள். தனக்கு மட்டும் சொல்லவில்லை.

“நல்லது,” என்றது பின்னால் ஒரு குரல். “துப்பறியிற ஆளையே துப்பறிஞ்சு வந்திட்டன்.”

வினாயகமூர்த்தி ஓட்டோவை ஒழுங்கை முனையில் விட்டுவிட்டு வியர்வையோடு நின்றார். வகுப்பு முழுவதும் திரும்பியது. அவருடைய கண் முதலில் தனுஷாவிடம் போனது, பிறகு கற்களுக்கு, கடைசியாகப் பாயில் இருந்த தன் மாஸ்டருக்கு. அங்கேயே நின்றது.

“இதுவா சங்கதி,” என்றார். “கடற்கரையில இருந்து இவ்வளவு தூரத்துக்குள்ள வீடு கட்டக்கூடாதெண்டு அரசாங்கம் சட்டம் போட்டிரிக்கு. ஒரு போன் போதும். நாளைக்கே வந்து இடிப்பாங்க. வகுப்பும் முடிஞ்சு, வீடும் முடிஞ்சு. தம்பி, இந்தப் பொம்பிள ஆர்? பேரச் சொல்லுங்க.”

தனுஷா அப்போதுதான் ஜெயந்தனைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. கெஞ்சாமல் கற்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள், ஒருத்தி நின்றால் அவற்றை யாரும் தொடமாட்டார்கள் என்பதுபோல.

பேரைச் சொன்னால் கேஸ் முடியும். இந்த வீடும் முடியும். ‘ஜெயந்தன் இல்லம்’ மட்டும் மிஞ்சும். பொறாமைக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்காது. அதைச் சாப்பிட அவனுக்கு ஆசையாகவும் இருந்தது.

“இவ என்ட பெண்சாதி, சேர்,” என்றான். “இது இவட வீடு. நான் இந்த வீட்டுக்குக் கட்டி வந்த மாப்பிள்ளை. உங்கட கேஸ நான் எடுக்கல்ல.”

“அப்ப நான் போன் எடுக்கிறன்.”

“எடுங்க, எடுங்க,” என்று ஹெதர் அன்ரி குடையை மடக்கினாள். “எக்ஸ்சேஞ்சில இரிந்தவள், நம்பர் நானே தாறன். ஆனா சொல்லக்குள்ள முழுக்கச் சொல்லோணும். உங்கட ஆங்கிலச் சிங்கம் பாயில குந்தியிரிந்து ரென்ஸ் படிச்சதையும் சொல்லோணும். நீங்க மறந்தா நான் ஊருக்குச் சொல்லுவன். எனக்கு வாய் ஒள்ளம் பெரிசு.”

பிரடெரிக் மாஸ்டர் எழுந்து நின்றார். “சேர், நானும் உங்களோட வாறன். போஸ்டரக் கிழிக்கிறதெண்டா நானே கிழிக்கிறன்,” என்றார், மரியாதை குறையாமல்.

வினாயகமூர்த்தி மதில்மதிலாக ஒட்டிய தன் சுவரொட்டிகளை நினைத்திருக்க வேண்டும். திரும்பி ஒழுங்கை முனைக்கு நடந்தார். ஓட்டோ கிறுகித் திரும்பிப் போகிற சத்தம் கடலிரைச்சலில் கரைந்தது.

தனுஷா ஜெயந்தனைக் கதவு நிலைக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனாள்.

“பின்னால வந்தனீங்க,” என்றாள்.

“வந்தன்.”

“பிரடெரிக் மாஸ்டரோட சேத்து நினைச்சீங்க.”

“நினைச்சன்.” மறைக்க அவனிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. “அவருக்குத் தெரியும், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் ஏன் சொல்லல்ல, தனு?”

“அவர் வந்து, எனக்கு இது விளங்கல்ல, சொல்லித்தாங்க எண்டு கேட்டவர். கட்டின நாளில இருந்து நீங்க என்னட்ட ஒண்டாவது விளங்கல்ல எண்டு கேட்டிரிக்கீங்களா? பலகையக்கூட என்னக் கேட்டா மாட்டினீங்க?”

ஊரெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைப்பவன் வீட்டில் ஒன்றும் கேட்டதில்லை.

“இப்ப ஒண்டு கேக்கிறன்,” என்றான். “இந்த வீடு எழும்பினா எனக்கு இதுக்குள்ள இடம் இரிக்கா?”

அவன் கேட்டது உண்மையில் கேள்விதானா என்று பார்ப்பவள்போல அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“வகுப்பு இன்னும் முடியல்ல,” என்றாள். “போய் இரிங்க.”

உள்ளே இருந்த ஒரே இடம் முதல் வரிசையில்தான். பிரடெரிக் மாஸ்டர் நகர்ந்து பாயில் பாதியைக் கொடுத்தார். அந்த வாசனை ஜெயந்தனின் மூக்கில் ஏறியது. பின்வரிசையில் ஹெதர் அன்ரி தனக்குத் தெரிந்த இங்கிலீஷையே மறுபடி படிக்க வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

தனுஷா ஒரு வசனத்தைச் சொல்லி வினைச்சொல்லைக் கேட்டாள். கேட்டது பிரடெரிக்கை. அவர் மேலே பார்த்தார், கண்ணைச் சுருக்கினார், விடையைச் சொன்னார்.

“நல்லம்,” என்றாள் தனுஷா, புன்னகையோடு.

அந்தச் சொல்லும் அந்தப் புன்னகையும் தனக்குக் கடைசியாக எப்போது கிடைத்தன என்று ஜெயந்தன் யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. மறுபடி பற்றிக்கொண்டு எரிந்தது. அவள் அடுத்த வசனத்துக்கு வாயைத் திறக்கும் முன்பே, விடை தெரியாமல், கேள்வியே தெரியாமல், எல்லோருக்கும் முன்னால் அவன் கையைத் தூக்கினான்.